நாலாம் அறைக் கதவும் உன் வரவேற்புத் திரையும்

மகன்,

நேற்றுப் பின்னேரம் மூன்று மணிக்கு இருபது நிமிடம் இருக்கும்போது உன்னுடைய புது ரிவியை விழுத்தி உடைத்தவன் நான்தான். அதில் உனக்கும் எனக்கும் வழக்கு இல்லை. உன் கொழும்புக் கூட்டாளிகள் இரண்டு பேர், ஏணியில் நின்று லைட் பூட்டிய எலெக்ட்ரீசியன், பெயின்ட் அடித்தவர்கள் என்று மாடியில் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். ஏன் உடைத்தேன் என்று நீ இரண்டு தரம் கேட்டாய். அந்த இடத்தில், அந்த ஆட்களின் முன்னால், எனக்குச் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்து சொல்லலாம் என்றால் நீ சாப்பிடாமலே அறைக்குள் போய்விட்டாய். எனக்கும் முகத்துக்கு நேரே இதைச் சொல்லும் தைரியம் இல்லை என்பது உண்மை. அதனால்தான் எழுதுகிறேன்.

நீ சொன்னது இன்னும் காதுக்குள் நிற்கிறது. "உங்களுக்கு விருப்பமில்லாட்டி நேர சொல்லுங்கோ அப்பா. உடைச்சுக் காட்டத் தேவையில்லை. வெள்ளிக்கிழமைக்கிடையில கையெழுத்து வையுங்கோ, இல்லாட்டி நானும் அவளும் கொழும்புக்கே திரும்பிப் போறம்." இன்றைக்கு வியாழக்கிழமை. மாடியில் இன்னும் மிச்சம் நிற்கும் மூன்றாம், நாலாம் அறைகளின் சுவர்களை எடுக்க நான் சம்மதிக்கிறேன் என்ற தாள் என் மேசையில் கிடக்கிறது. கட்டடம் என் பெயரில் இருப்பதால் என் கையெழுத்து இல்லாமல் சுவரில் கை வைக்க மாட்டேன் என்று மேசன் சொல்லியிருக்கிறார். சனிக்கிழமை காலை அவர் வருகிறார். நீ இரண்டு வருடம் கெஞ்சிக் கேட்டு உன் மனைவியையும் சம்மதிக்க வைத்து ஊருக்கு வந்தவன். நீ திரும்பிப் போனால் இந்த வீட்டில் எனக்கு யார் இருக்கிறார்கள் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

நீ என் மாடியை "பழைய காலத்துச் சேர்விஸ் ஒஃபிஸ்" என்று உன் கூட்டாளிகளுக்கு அறிமுகப்படுத்தும்போது சிரித்துக்கொண்டுதான் சொல்வாய். எனக்கும் கோபம் வருவதில்லை. துறைமுகத்தைப் பார்த்த ஆறு அறைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கதவு, ஒரு பூட்டும் திறப்பும், கீழே படியடியில் ஒரு பெயர்ப்பலகை. வருடக் கணக்கில் ஒப்பந்தம். கப்பல் ஏஜென்ட், சுங்கத்தில் சாமான் எடுத்துக் கொடுப்பவர், காப்புறுதிக்காரர், நிலஅளவையாளர், நாலாம் அறையில் இன்றும் இருக்கும் லோயர் மிஸ் என்று பலர். வெளியே விறாந்தையில் ஒரு மேசை, அதில் ஆறு ரெலிபோன். எந்த ரெலிபோன் அடிக்கிறதோ அந்தக் கந்தோரின் பெயரைச் சொல்லித்தான் எடுக்க வேண்டும். பல காலம் அந்த மேசையில் நானே இருந்தேன். காலையில் கப்பல் கொம்பனியாக இருப்பேன், பத்து நிமிடத்தில் காப்புறுதியாக மாறுவேன். பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் தேத்தண்ணி. கதவில் ஒரு தரம்தான் தட்டலாம், பதில் இல்லாவிட்டால் தேத்தண்ணியை வாசலில் வைத்துவிட்டுப் போய்விட வேண்டும். அது நான் போட்ட சட்டம். என்னிடம் வந்தவர்கள் கதிரைக்காகவோ மின்விசிறிக்காகவோ வரவில்லை. உள்ளே போய்ச் சாத்திக்கொள்ள ஒரு கதவு வேண்டும் என்றுதான் வந்தார்கள். அதைத்தான் நான் வாடகைக்கு விட்டேன்.

நீ செய்வது வேறு. ஒரு நீள மேசை, யார் வேண்டுமானாலும் ஒரு நாளைக்கு, ஒரு கிழமைக்கு, ஒரு மாதத்துக்கு வந்து இருக்கலாம். பெயர்ப்பலகை கிடையாது, யாருக்கும் சொந்த இடம் கிடையாது. இன்றைக்கு யன்னலோரம் இருந்தவன் நாளைக்குக் கோப்பி மெஷினுக்குப் பக்கத்தில் இருப்பான். சுவரில் எல்லோருடைய படமும், அவரவர் என்ன வேலை செய்கிறார் என்ற குறிப்பும். பக்கத்தில் இருப்பவர் யார் என்று தெரிய வேண்டும், அவரோடு கதைக்க வேண்டும், அதிலிருந்து ஒரு வேலை பிறக்க வேண்டும். ஒருவரை ஒருவர் பார்ப்பதுதான் உன் வியாபாரம். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. வெள்ளோட்டம் விட்ட இரண்டு கிழமையும் நான் மூலையில் இருந்து பார்த்தேன். மூதூரிலிருந்து பஸ்ஸில் லப்டொப்போடு வந்த அந்தப் பிள்ளை முதல் நாள் யாரோடும் கதைக்கவில்லை. நாலாம் நாள் நிலாவெளிப் பொடியன் தங்குமிடங்களுக்குச் செய்யும் இணையத்தளத்துக்கு அவள் கணக்கு வேலை பார்த்துக் கொடுத்தாள். என் மாடியில் பதினொரு வருடம் பக்கத்துப் பக்கத்து அறையில் இருந்த இரண்டு பேருக்கு ஒருவர் பெயர் மற்றவருக்குத் தெரியாது. உண்மையைச் சொன்னால் எனக்குப் பொறாமையாக இருந்தது.

அதைவிட மோசமான ஒன்றையும் சொல்கிறேன், நீ பிறகு யாரிடமும் கேட்டு அறியக்கூடாது. மூன்றாம் அறைக் கப்பல் ஏஜென்டுக்குக் கதைக்கும்போது ஏன் வாய் ஒரு பக்கம் இழுக்கிறது என்று சின்ன வயதில் நீ கேட்டிருக்கிறாய். நோய் என்று சொல்லிவிட்டேன். அவர் ஒரு நாள் பகல் தன் அறைக்குள் பாரிசவாதம் வந்து விழுந்துவிட்டார். மூன்று மணிக்குத் தேத்தண்ணி கொண்டுபோன ஆள் ஒரு தரம் தட்டிவிட்டு வாசலில் கோப்பையை வைத்துவிட்டு வந்தார். நாலரைக்கு அந்தக் கோப்பை அப்படியே ஆறிப்போய்க் கிடந்ததைப் பார்த்துத்தான் நான் கதவைத் திறந்தேன். எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தார் என்று யாருக்கும் தெரியாது. உன் நீள மேசையில் அது நடந்திருக்காது. அவர் கதிரையிலிருந்து சரிய முன்னமே மூதூர்ப் பிள்ளை ஓடிப் பிடித்திருப்பாள். ஆகவே கதவு நல்லது, மண்டபம் கெட்டது என்று சொல்லும் கிழவன் என்று என்னை நினைக்காதே. மூன்றாம் அறைச் சுவரை நீ சனிக்கிழமை உடைக்கும்போது நானும் ஒரு அடி அடிக்கத் தயார்.

இனி நேற்று நடந்தது. மாடியில் படி முடிகிற இடத்தில் நீ மாட்டிய அந்த ரிவி, உன் வரவேற்புத் திரை, எனக்கு ஆரம்பத்தில் பிடித்துத்தான் இருந்தது. வருகிறவர்களின் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டு வரவேற்கிறாய், யார் வந்தாலும் முகம் மலர்கிறது. லோயர் மிஸ்ஸிடம் வருகிறவர்களையும் இனி அதிலேயே பதியச் சொன்னாய், அவரிடம் கிளாக் வேலை செய்யும் பிள்ளையும் நீ சொன்னபடி செய்தாள். அந்த எலெக்ட்ரீசியனை உனக்கு வேலைக்காரராகத்தான் தெரியும். சாம்பல்தீவுப் பக்கத்து ஆள், நல்ல கதைகாரர். காலையில் தேத்தண்ணி குடிக்கும்போது என்னிடம் தன் வீட்டுக் கதையை அவிழ்த்தார். தம்பியின் மனைவி சண்டை பிடித்துக்கொண்டு குச்சவெளியில் தாய் வீட்டில் போய் இருக்கிறாளாம், ஒரு மாதமாகிறதாம். "பொலிசுக்கோ லோயருக்கோ போனாள் எண்டு தெரிஞ்சா தம்பி சும்மா விடமாட்டான் ஐயா" என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை, மழை வரும் என்று சொல்வது போலச் சொன்னார். அந்தப் பிள்ளையின் பெயரையும் மூன்று தரம் சொன்னார். அடிக்கடி கேட்கிற பெயர் அல்ல. அதை நான் இங்கே எழுத மாட்டேன்.

இரண்டு மணி நாற்பதுக்கு நான் படியேறி வருகிறேன், திரையில் அந்தப் பெயர் நிற்கிறது. வரவேற்கிறோம் என்று மேலே, மூன்று மணி, நாலாம் அறை, சட்ட ஆலோசனை என்று கீழே. எலெக்ட்ரீசியன் ஏணியில் நிற்கிறார், முதுகு திரைப் பக்கம். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மாறி உன் கோப்பிப் படம் வந்தது. பிறகு மண்டபத்தின் படம். சுற்றி மறுபடியும் பெயர் வரும் என்று எனக்குத் தெரியும். ரிமோட் உன் பொக்கற்றில், நீ மொட்டை மாடியில் ரெலிபோனில். சுவிட்ச் எங்கே என்று தேடினேன், நீ அதைப் பலகைக்குப் பின்னால் மறைத்து அழகாகச் செய்திருக்கிறாய். ஏணியில் நின்றவர் ஸ்க்ரூட்ரைவரைப் பொக்கற்றில் வைத்துவிட்டு இறங்கத் திரும்பினார். எனக்கு வேறு வழி தெரியவில்லை, வயரைப் பிடித்து இழுத்தேன். சுவரில் இரண்டு ஆணிதான் இறுக்கியிருந்தார்கள் போல, ரிவியும் சேர்ந்து வந்தது.

நீ கத்திவிட்டுக் கண்ணாடித் துண்டுகளைக் கூட்டிக்கொண்டிருந்த நேரம் நான் கீழே இறங்கிப் போனதை உன்னை மதிக்காமல் போனதாக நினைத்திருப்பாய். நான் அந்தப் பிள்ளையை மறிக்கப் போனேன். நீ இறக்கிய பெட்டிகளின் காட்போட்டைத் தெருவில் திரியும் மான்கள் இரண்டு படியடியில் நின்று தின்றுகொண்டிருந்தன, அவற்றை விலத்திக்கொண்டு குடையோடு ஒருத்தி வந்தாள். கையில் பொலித்தீன் பையில் சுற்றிய கடதாசிகள். லோயரைப் பார்க்கவோ என்று கேட்டேன், தலையாட்டினாள். மேலே அவள் கணவனின் அண்ணன் நிற்கிறார் என்று சொன்னதும் அவள் முகம் போன போக்கை எனக்கு விவரிக்க விருப்பமில்லை. எதிர்த் தேத்தண்ணிக் கடைக் குசினிக்குள் அவளை இருத்திவிட்டு லோயர் மிஸ்ஸுக்கு ரெலிபோனில் கோல் எடுத்தேன். அவர் தன் பிளேன்டீப் போத்தலையும் எடுத்துக்கொண்டு இறங்கி வந்தார். வெங்காயச் சாக்குகளுக்கு நடுவில் இரண்டு பேரும் முக்கால் மணித்தியாலம் இருந்தார்கள். நான் கடை வாசலில் காவல் நின்றேன். அந்த நேரம் உன் ரிவியைப் பற்றி நான் நினைக்கவே இல்லை, மன்னித்துக்கொள்.

இதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தியிருக்கலாம். நீ புத்திசாலி, திரையில் பெயர் போடுவதை விட்டுவிடுவாய், எனக்கும் நல்ல பெயர் கிடைக்கும். ஆனால் எனக்கு அவ்வளவு சீக்கிரம் விஷயம் விளங்கியது ஏன் என்றும் நீ அறிய வேண்டும். உன் கல்யாணத்துக்கு மட்டக்களப்பிலிருந்து உன் மாமி ஏன் வரவில்லை என்று நீ கேட்டாய். என் சொந்தத் தங்கச்சி. அவளுக்குச் சுகமில்லை என்றேன். அது பொய்.

உன் திரைக்கு முன்னம் எனக்கு ஒரு புத்தகம் இருந்தது. விறாந்தை மேசையில், ரெலிபோன்களுக்குப் பக்கத்தில், வருகிறவர்கள் எழுதும் புத்தகம். பெயர், ஊர், யாரைப் பார்க்க, வந்த நேரம், போன நேரம் என்று நானே கோடு போட்டு வைப்பேன். தினமும் மத்தியானச் சாப்பாடு முடிந்து வந்து ஒவ்வொரு வரிக்கும் சிவப்புப் பேனையால் ஒரு சரி போடுவேன். என்ன ஒழுங்கான மனிதன் என்று எல்லோரும் சொல்வார்கள், எனக்கும் அதில் தலை கொஞ்சம் வீங்கித்தான் இருந்தது. உனக்கு ஒன்பது வயது இருக்கும்போது ஒரு புதன்கிழமை, நான் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்த நேரம் பார்த்து உன் மாமி வந்து போயிருக்கிறாள். பெயர், ஊர் கப்பல்துறை, யாரைப் பார்க்க என்ற இடத்தில் நாலு. நான் வந்து புத்தகத்தைப் பார்த்தேன், சரியும் போட்டேன். பிறகு யோசித்தேன். என் தங்கச்சி லோயரிடம் போயிருக்கிறாள், எனக்குச் சொல்லவில்லை.

அவளிடம் கேட்டிருக்கலாம். லோயர் மிஸ்ஸிடம் கேட்டால் அவர் சொல்லியிருக்க மாட்டார், ஆனால் என்னைத் தடுத்திருப்பார். நான் இரண்டையும் செய்யவில்லை. மோட்டர்சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே கப்பல்துறைக்குப் போனேன், உன் மாமாவின் கடைக்கு. தங்கச்சியின் குடும்பம் கோட்டு வழக்கென்று போகக்கூடாது, தமையன் நான் இருக்க வேறு ஆள் எதற்கு, இரண்டு ஆம்பிளைகள் கதைத்தால் தீர்ந்துவிடும் என்று நினைத்தேன். வீட்டில் ஏதும் பிரச்சினையா மச்சான், தங்கச்சி லோயரிடம் வந்து போயிருக்கிறாள் என்று சொன்னேன். அவர் சிரித்தார். சோடா உடைத்துத் தந்தார். சின்ன மனஸ்தாபம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். நான் நல்ல காரியம் செய்த நிம்மதியோடு வீட்டுக்கு வந்து உனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன்.

அடுத்த கிழமை மாமி இடது கையைத் துணியில் தொங்கவிட்டுக்கொண்டு கோயிலுக்கு வந்தாள். கிணற்றடியில் வழுக்கி விழுந்ததாக உன் அம்மாவிடம் சொன்னாள். என்னைப் பார்க்கவில்லை. மாமா கைநீட்டுகிற மனிதர் என்பது எனக்கு அதற்கு முன் தெரியாது என்று நான் இவ்வளவு காலமும் எனக்கே சொல்லி வந்திருக்கிறேன். முழுக்கத் தெரியாது என்பது உண்மையல்ல. கேட்டால் தெரிந்துவிடும் என்பதற்காகக் கேட்காமல் இருந்தேன். அதற்குப் பிறகு அவள் நாலாம் அறைக்கு வரவில்லை. ஆறு வருடம் அந்த வீட்டிலேயே இருந்தாள், பிறகு யாருக்கும் சொல்லாமல் மட்டக்களப்புக்குப் போய்த் தானே பிழைத்துக்கொண்டாள். லோயர் மிஸ் அந்தப் புதன்கிழமையைப் பற்றி இன்றுவரை என்னிடம் ஒரு சொல் கேட்டதில்லை. ஆனால் அந்த மாதமே தன் அறைக்குள் கதிரையைத் திருப்பிப் போட்டார். அவரிடம் வருகிறவர் கதவுக்கு முதுகு காட்டித்தான் இருப்பார், யார் திறந்து எட்டிப் பார்த்தாலும் முகம் தெரியாது. அது யாருக்குப் பயந்து செய்த ஏற்பாடு என்று எனக்குத் தெரியும். நாலாம் அறைக்குப் பதிலாக நீ அவருக்குத் தருவதாகச் சொன்ன கண்ணாடிப் பெட்டி போன்ற அறையை நானும் போய்ப் பார்த்தேன். உள்ளே கதைப்பது வெளியே கேட்காது, உண்மைதான். உள்ளே இருந்து அழுகிறவள் யார் என்பது மண்டபம் முழுக்கத் தெரியும்.

இந்தக் கதையை உனக்குச் சொல்ல எனக்கு உரிமை இல்லை, அது மாமியின் கதை. இன்றைக்குக் காலையில் அவளுக்குக் கோல் எடுத்தேன். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு. நேற்று நடந்ததைச் சொன்னேன், உனக்கு எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்கோ. இனி ஒளிக்க என்ன கிடக்கு" என்றாள். நான் ரெலிபோனை வைக்கப் போன நேரம், நான் கேட்காமலே சொன்னாள். "அண்டைக்கு வேற பேர் எழுத எனக்குத் தெரியாமலில்லை அண்ணா. உங்கட புத்தகம் எண்டபடியாத்தான் என்ர பேரை எழுதினனான்."

பிறகு அலுமாரியைத் திறந்து அந்த வருடத்துப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். இருக்கிறது மகன். அவளுடைய வட்ட வட்டமான எழுத்து, பக்கத்தில் என் சிவப்புச் சரி. அதைப் பார்த்துக்கொண்டு இருந்து நன்றாக அழுதேன். வேண்டுமானால் நீயும் பார்க்கலாம், மேல் தட்டில் வைத்திருக்கிறேன்.

உன் தாளில் கையெழுத்து வைத்துவிட்டேன். இந்தக் கடிதத்துக்குக் கீழேதான் கிடக்கிறது. நாலாம் அறையை வெட்டிக் கோடு போடவில்லை, நிபந்தனை ஒன்றும் எழுதவில்லை. எழுதத்தான் நினைத்தேன், பேனையையும் எடுத்தேன். ஒருத்தியின் விஷயத்தை அவளைக் கேட்காமல் நானே தீர்க்கப் போய் நடந்தது போதும், உன் விஷயத்திலும் அதையே செய்ய எனக்குக் கை வரவில்லை. அறையை உடைக்காமல் விட்டால் உன் மண்டபத்தில் ஒரு மூலை குறையும், நீள மேசை நீளம் போதாமல் வரும், உன் கூட்டாளிகள் முகம் சுளிப்பார்கள். எல்லாம் எனக்கு விளங்குகிறது. சனிக்கிழமை மேசன் வர முன்னம் ஒரு தரம் நாலாம் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அந்தத் திருப்பிப் போட்ட கதிரையில் இருந்து பார். அதற்குப் பிறகு நீ சொல்வதுதான் முடிவு. நீ என்ன முடிவெடுத்தாலும் கொழும்புக்கு மட்டும் போகாதே. இதைக் கேட்க எனக்கு வெட்கமில்லை.

இன்னொன்று. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அந்தப் பிள்ளை மறுபடியும் வருகிறாள். எந்த இடத்துக்கு வரச் சொல்வது, எந்தப் பெயரில் பதிவது என்று லோயர் மிஸ் என்னிடம் கேட்டார். இப்போது இது என் மகனுடைய புத்தகம், அவனிடம் கேளுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். நாளைக் காலை அவர் உன்னிடம் வருவார்.

அப்பா